கடல் தாண்டி வந்த பொருளுக்கு வாரண்டி இல்லையா? நுகர்வோர் விவகாரத் துறைக்குக் கீழக்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கீழக்கரையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாக இதுதான் தொழில். எங்கள் ஊரில் வெளிநாட்டில் பிழைப்பவரைச் ‘சபுராளி’ என்போம். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி பனைக்குளம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் இந்தக் கரையில் சபுராளி இல்லாத தெரு கிடையாது. துபாய், சவூதி, குவைத், மலேசியா, சிங்கப்பூர் என்று ஆளாளுக்கு ஒரு நாடு. அவர்கள் ஊர் வரும்போது பெட்டியில் என்ன இருக்கும் என்பது தங்களுக்கும் தெரியும். போன், லேப்டாப், வாட்ச், மிக்ஸி, சில சமயம் போர்வையில் சுற்றிய டிவி. அவற்றில் ஏதாவது பழுதானால் என் மேசைக்குத்தான் வரும்.

பழுது ஆவதைப் பற்றி நான் எழுதவில்லை. மின்னணுப் பொருள் என்றால் பழுது வரும். வாங்கிய சில மாதத்துக்குள் தயாரிப்புக் குறையால் பழுதான பொருளைக்கூட இங்கே கையில் வாங்கிப் பார்ப்பார் இல்லை என்பதுதான் என் முறையீடு.

என் லாத்தா (அக்கா) மகள் போன வருடம் கல்லூரியில் சேர்ந்தாள். துபாயில் வண்டி ஓட்டும் என் தம்பி அவளுக்காக தேராவில் ஒரு கடையில் 1,650 திர்ஹம் கொடுத்து போன் வாங்கி வந்தான். பெரிய கம்பெனிதான், இந்தியாவில் தெருவுக்குத் தெரு விற்கிற பெயர்தான். ஐந்தாவது மாதம் திரையில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. அடுத்த வாரம் மூன்று கோடு. அப்புறம் கீழ்ப்பாதி தொட்டால் வேலை செய்யவில்லை. பரீட்சைக்கான ஹால் டிக்கெட், காலேஜ் குரூப், எல்லாம் அதற்குள்தான்.

நான் திறந்து பார்த்திருக்கலாம். என் கைக்கு அது பத்து நிமிட வேலை. ஆனால் திறந்தால் சீல் போகும், சீல் போனால் வாரண்டி போகும் என்று பயந்து திறக்கவில்லை. சிம் ட்ரேயை மட்டும் உருவி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ஈரம் பட்டால் சிவப்பாகிற அந்தச் சின்னப் பொட்டு வெள்ளையாகவே இருந்தது. அதையும் போட்டோ எடுத்து வைத்தேன். காரணம் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே “கடலோரமா? உப்புக் காற்று, தண்ணி புகுந்திருக்கும்” என்று பாதி இடங்களில் முடித்துவிடுவார்கள். பொருளைப் பார்க்கும் முன்னே ஊரைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அது.

மதுரைக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். டோக்கன் வாங்கி, முறை வந்து, கவுண்டரில் இருந்த பெண் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயை அடித்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சார், இது யுஏஇ செட். இங்க வாரண்டி காட்டாது.”

“சரி, வாரண்டி வேண்டாம்மா. காசு கொடுக்கிறேன். டிஸ்பிளே மாற்றிக் கொடுங்க.”

“காசு கொடுத்தாலும் முடியாது சார். இந்த எண்ணுக்கு சிஸ்டம் பார்ட்ஸ் எடுக்காது.”

“அப்படின்னா, இன்ன குறை, இன்ன காரணத்தால் செய்ய முடியலைன்னு ஒரு தாளில் எழுதிக் கொடுங்க.”

“ஜாப் ஷீட் போட்டால்தான் சார் தாள் வரும். இதுக்கு ஜாப் ஷீட்டே போட முடியாது.”

அந்தப் பெண் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. மரியாதையாகத்தான் பேசினார். மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர், திரை சொன்னதைச் சொன்னார். ஆனால் அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன்: வாரண்டியும் இல்லை, காசுக்கு வேலையும் இல்லை, இரண்டும் இல்லை என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நான் அங்கே போனதற்கே அடையாளம் கிடையாது. கையில் தாளே இல்லாதவன் எந்த அலுவலகத்தில் போய் மனுக் கொடுப்பான்?

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். துபாய் போகிற ஊர்க்காரர் ஒருவருக்காக இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். அடுத்தவர் பொருளைக் கொண்டுபோக இப்போது யாரும் லேசில் சம்மதிப்பதில்லை, அதில் தப்பும் இல்லை. கூரியரில் லித்தியம் பேட்டரி உள்ள பழுதான பொருள் என்றாலே கைவிரிப்பார்கள். ஒரு வழியாக போன் போய்ச் சேர்ந்தது. தம்பி அங்கே அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்தான். பில் கேட்டார்கள். கடையில் கொடுத்த பில் தெர்மல் தாள். லாத்தா வீட்டு பீரோவில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் ஊர் வெக்கையில் எழுத்தெல்லாம் மங்கி வெறும் மஞ்சள் தாளாகிப் போயிருந்தது. நல்ல வேளை, வாங்கிய அன்றே தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். நான்கே நாளில் புதுத் திரை போட்டு, ஒரு திர்ஹம் வாங்காமல் கொடுத்தார்கள். ஜாப் ஷீட்டில் திரையின் தயாரிப்புக் குறை என்று அச்சடித்தே கொடுத்தார்கள். அப்புறம் அதைக் கொண்டுவர ஒரு ஆள், இன்னொரு காத்திருப்பு. பிள்ளையின் கைக்குப் போன் திரும்பியபோது நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

ஒரே கம்பெனி, ஒரே குறை. அங்கே நான்கு நாளில் ஒத்துக்கொண்டதை, இங்கே பார்க்கவே மறுத்தார்கள்.

பாம்பனில் எனக்குத் தெரிந்த ஒருவர் வள்ளம் வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் யார்டில் வேலை செய்யும் மருமகன் அவருக்குக் கையடக்க ஜிபிஎஸ் ஒன்று வாங்கி வந்தார். எட்டாவது மாதத்தில் அது உறைய ஆரம்பித்தது. அணைந்து போனாலாவது தெரியும். இது அணையாது. பத்து நிமிடத்துக்கு முன் இருந்த இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும், வள்ளம் அதற்குள் எங்கோ போயிருக்கும். பாக் நீரிணையில் 1974-லும் மன்னார் வளைகுடாவில் 1976-லும் நம் நாடும் இலங்கையும் போட்ட ஒப்பந்தப்படி எல்லை உண்டு. தண்ணீரில் அந்தக் கோடு யார் கண்ணுக்கும் தெரியாது, கையில் இருக்கும் பெட்டி காட்டினால்தான் உண்டு. தாண்டினால் என்ன ஆகும் என்பதை ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் வீடுகளில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வள்ளத்தைப் பிடித்துவைப்பார்கள், ஆளைச் சிறையில் வைப்பார்கள், வீட்டில் அடுப்பு எரியாது. அந்த ஜிபிஎஸ்ஸைச் சென்னைக்கு அனுப்பினார். ‘இந்தியாவில் வாங்கியதல்ல’ என்று திரும்பி வந்தது. இப்போது அதை வலைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, பக்கத்து வள்ளத்தின் விளக்கைப் பார்த்துக்கொண்டே தொழிலுக்குப் போகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். வக்கீல் ஒருவரிடமும் உட்கார்ந்து கேட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்கிறது. ஆக என் தம்பி வாங்கிக் கொடுத்த போனுக்கு லாத்தா மகளும் நுகர்வோர். குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது, ராமநாதபுரத்திலேயே ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம். இவ்வளவும் இருக்கிறது. ஆனால் யார் மேல் புகார்? விற்ற கடை தேராவில் இருக்கிறது. இங்கே உள்ள கம்பெனி, “நாங்கள் விற்கவில்லை, எங்களுக்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை” என்கிறது. பொருளால் வரும் கேட்டுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் தனி அத்தியாயமே அந்தச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அந்தப் பொருளுக்கே நேர்ந்த பழுது அந்தக் கணக்கில் வராது. பேட்டரி வெடித்து வீடு எரிந்தால் கேட்கலாம், திரை செத்தால் கேட்க முடியாது.

2020-இன் மின்வணிக விதிகளைப் படித்தபோது இன்னும் மனசு கேட்கவில்லை. இந்தியாவில் அலுவலகமே இல்லாத வெளிநாட்டு இணையக் கடையாக இருந்தாலும், இங்குள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்றால் அந்த விதிகள் அதற்கும் பொருந்தும். அதாவது வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டிலிருந்து தருவித்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. வெயிலில் நின்று சம்பாதித்து, கடைக்கு நேரில் போய், பார்த்து வாங்கித் தோளில் சுமந்து வந்தவருக்கு இல்லை.

அந்தந்த நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து ‘லெமன் லா’ நடப்பில் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயமே கேட்கும். மலேசியாவில் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் தீர்ப்பாயம் இருக்கிறது, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மனுவுக்கு ஐந்து ரிங்கிட்தான். அமீரகம் 2020-இல் தன் நுகர்வோர் சட்டத்தைப் புதிதாகவே எழுதியது. ஆனால் வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்துவிட்ட ஒருவர், 400 வெள்ளிப் போனுக்காக மறுபடி டிக்கெட் எடுத்துப் போவாரா? கதவு திறந்துதான் இருக்கிறது, போகிற வழிதான் இல்லை.

அரசு தலையிட்டால் பலன் இருக்கிறது என்பதற்கும் சிங்கப்பூரிலேயே சாட்சி உண்டு. 2014 நவம்பரில் சிம் லிம் ஸ்கொயர் என்ற மின்னணுக் கடை வளாகத்தில் ஒரு கடையில் வியட்நாமிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் 950 வெள்ளிக்குப் போன் வாங்கினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாரண்டிக்கு இன்னும் 1,500 வெள்ளி கட்டு என்றார்கள். அவர் முழங்காலிட்டு அழுத படம் உலகமெல்லாம் சுற்றியது. அடுத்த வருடம் அந்தக் கடை முதலாளிக்கு 33 மாதச் சிறை. அந்தப் படத்தை இப்போது பார்த்தாலும் எனக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் முகம்தான் தெரிகிறது. அவர்களும் அங்கே ஞாயிற்றுக்கிழமை லீவில் போய்ப் போன் வாங்குபவர்கள்தான்.

இங்குள்ள கம்பெனிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று தெரியும். ஒரே பெயரில் வந்தாலும் நாட்டுக்கு நாடு சில மாடலில் நெட்வொர்க் பேண்ட் மாறும், சிப்பே மாறும். எல்லாவற்றுக்கும் இங்கே பாகம் வைத்திருக்க முடியாது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன், அன்றாடம் போர்டைப் பார்க்கிறவன் நான். ஆனால் பெரும்பாலும் திரை, பேட்டரி, சார்ஜிங் போர்ட் மாறுவதில்லை. நான் கையில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். இன்னொரு வாதம், வாரண்டி கொடுத்தால் கள்ளச் சந்தைக்காரர்கள் பெட்டி பெட்டியாக இறக்கி விற்பார்கள் என்பது. ஐம்பது போன் கொண்டுவருகிற வியாபாரியையும், பாஸ்போர்ட்டில் முத்திரையும் தன் பெயரில் பில்லும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு போனைக் காட்டும் தொழிலாளியையும் பிரித்தறிய முடியாதா? விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடுகிறாரே.

சுங்கம் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. 2013 ஆகஸ்டில் டிவிக்கு இருந்த பயணிச் சலுகையை எடுத்துவிட்டு, 35 சதவீதம் வரியும் அதன்மேல் செஸ்ஸும் போட்டார்கள். திருச்சி விமான நிலையத்தில் அந்த வரியைக் கட்டி ரசீதோடு டிவி கொண்டு வந்தவர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். அந்த ரசீது அரசாங்கத்தின் ரசீது. பொருள் நாட்டுக்குள் முறையாக வந்தது என்று அரசே ஒத்துக்கொண்டு காசு வாங்கியிருக்கிறது. வரி வாங்கும்போது உள்ளூர்ப் பொருளாகிவிட்டது, பழுது பார்க்கும்போது மட்டும் அந்நியப் பொருளா?

என் வாப்பாவின் வாப்பா கொழும்பில் கடையில் வேலை பார்த்தவர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும் முன்பு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இக்கரையில் போட் மெயில் ரயில் பிடித்து ஊர் வருவார். ஒருமுறை வால்வு ரேடியோ ஒன்று கொண்டுவந்தாராம். அது பாடாமல் போனபோது ராமநாதபுரத்தில் ரிப்பேர்காரர் ஒருவர் வால்வை மாற்றி அன்றைக்கே பாட வைத்திருக்கிறார். எங்கே வாங்கியது என்று அவர் கேட்கவே இல்லை என்று வாப்பா சொல்வார். அந்த ரேடியோ இன்னும் எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு நான் வந்ததற்கே அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, தங்களிடம் நான் கேட்பது.

முதலில், அந்தத் தாள். இந்தியாவில் தன் பெயரில் சர்வீஸ் சென்டர் நடத்தும் எந்தக் கம்பெனியும், தன் பெயர் பொறித்த பொருள் எந்த நாட்டில் விற்றதாக இருந்தாலும், வாங்கிப் பார்த்து, குறை என்ன, செய்ய முடியுமா முடியாதா, ஏன் என்று எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். இதற்கு அவர்களுக்குச் செலவு என்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாள் இருந்தால்தான் துபாய்க் கடையிலும் கேட்க முடியும், சிங்கப்பூர் தீர்ப்பாயத்திலும் கேட்க முடியும், ராமநாதபுரம் ஆணையத்திலும் கேட்க முடியும். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

அடுத்து, பாகம் பொருந்துகிற மாடல் என்றால் காசுக்காவது வேலை செய்து கொடுக்க வேண்டும். ‘சிஸ்டம் எடுக்காது’ என்பது ஒரு பதிலே இல்லை. 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், தங்கள் துறை பழுது நீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. மொபைலும் மின்னணுப் பொருளும் அதில் ஒரு பிரிவு. இங்கே விற்காத மாடலின் விவரமும் உதிரிபாகமும் அதன் வழியாக என்னைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்குக் கிடைத்தால், மதுரைக்கே யாரும் போக வேண்டாம். கீழக்கரையிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது கொஞ்சம் பெரிய வேலை. ஐரோப்பாவில் 2005 முதல் நாடுகளுக்கிடையே நுகர்வோர் மையங்களின் வலையமைப்பு ஒன்று இயங்குகிறது. ஜெர்மனிக்காரர் ஸ்பெயினுக்குப் பயணம் போய் வாங்கிய பொருள் பழுதானால், தன் ஊர் மையத்தில், தன் மொழியில், காசில்லாமல் சொல்லலாம். அந்த மையம் ஸ்பெயின் மையத்தோடு பேசும். ஐக்கிய நாடுகள் சபையும் 2015-இல் திருத்திய நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளில், எல்லை தாண்டிய புகார்களில் நாடுகள் ஒத்துழைக்கச் சொல்கிறது. நம் ஆட்கள் லட்சக்கணக்கில் வேலை செய்யும் அமீரகம், சவூதி, மலேசியா, சிங்கப்பூரோடு இப்படி ஓர் ஏற்பாடு நமக்கு ஏன் இருக்கக் கூடாது? தங்கள் 1915 உதவி எண்ணில் தமிழிலேயே பேச முடிகிறது. அதே எண்ணில் “வெளிநாட்டில் வாங்கிய பொருள்” என்று ஒரு பிரிவு வைத்து, புகாரை அந்த நாட்டு நுகர்வோர் அமைப்புக்கு அனுப்பிவைத்தால் போதும். மீதியை அங்குள்ள சட்டம் பார்த்துக்கொள்ளும்.

இதைப் படிக்கும் எங்கள் சபுராளிகளுக்கும் இரண்டு வார்த்தை. துறை முடிவெடுக்கும் வரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். கடையிலேயே பெட்டியில் உள்ள ஐஎம்இஐயும், ஸ்டார் ஹேஷ் ஜீரோ சிக்ஸ் ஹேஷ் அடித்தால் வரும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில்லில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள், அதே இடத்தில் போட்டோ எடுங்கள், தெர்மல் தாளை நம்பாதீர்கள். ‘இன்டர்நேஷனல் வாரண்டி’ என்று கடைக்காரர் வாயால் சொன்னால், அட்டையில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஊருக்குக் கொடுப்பதற்காக வாங்கியதாக இருந்தாலும், லீவுக்குக் கிளம்பும் முந்தின நாள் வாங்காமல், இரண்டு மாதம் முன்னாடி வாங்கி நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஒட்டுப் பிரிக்காத பெட்டியைக் கொடுத்தால்தான் பிள்ளைகள் முகம் மலரும் என்று நினைப்பீர்கள். எனக்கும் புரிகிறது. ஆனால் அங்கேயே பழுது தெரிந்தால் அங்கேயே தீரும்.

செயலர் அவர்களே, தபாலில் தங்களுக்கு அனுப்பும் மனுவோடு, வாட்ஸ்அப்பில் இருந்த பில்லின் படம், சிம் ட்ரே வழியே எடுத்த வெள்ளைப் பொட்டின் படம், துபாய் சென்டரின் ஜாப் ஷீட் மூன்றையும் இணைத்திருக்கிறேன். நான்காவதாக மதுரை சென்டர் கொடுத்த தாள் இருக்க வேண்டிய இடத்தில், அன்று நான் வாங்கிய டோக்கனை ஒட்டியிருக்கிறேன். அங்கே எனக்குக் கிடைத்தது அது மட்டும்தான்.

இப்படிக்கு,
கீழக்கரை மொபைல் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்